வீட்டுப் பட்டறைக்குக் குறைந்த செலவில் நல்ல பவர் டூல்கள்: பார்த்து வாங்கும் முறை

மலிவான மெஷின்கள் பழுதாகும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் சுவிட்ச் மக்கர் செய்யும். அடுத்து, கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்துபோகும். அசைத்தால் ஓடும், விட்டால் நிற்கும். பிறகு சக் (துளையிடும் பிட்டைக் கவ்வும் வாய்) ஆட்டம் காணும், பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) சத்தம் போடும். மோட்டார் கருகுவது பெரும்பாலும் கடைசியில்தான், அதுவும் சக்திக்கு மீறிய வேலையை ஓயாமல் கொடுத்ததால். ஆனால் கடையில் எல்லோர் கண்ணும் போவது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் கணக்குக்கு. பிட்டைப் பிடிக்கும் இடம், சுழற்சியைத் தாங்கும் இடம், கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள் என்ற மூன்றையும் பார்க்கத் தெரிந்தால், விலை குறைந்த வரிசையிலும் பல ஆண்டு உழைக்கும் மெஷின் கிடைக்கும்.

படி 1: மெஷினுக்கு முன்னால் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் அடுத்த ஆறு மாத வேலைகளை அளவோடும் பொருளோடும் எழுதுங்கள். "அலமாரி செய்ய வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "18 மி.மீ. பிளைவுட்டில் பன்னிரண்டு நேர்வெட்டு, 40 ஸ்க்ரூ. கான்கிரீட் சுவரில் 8 மி.மீ. துளை ஆறு, 2 மி.மீ. இரும்புக் குழாயில் நான்கு வெட்டு" என்று எழுதினால், எந்த மெஷின் வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். நான்கு வெட்டுக்காகக் கிரைண்டர் (டிஸ்க் சுழன்று இரும்பை அறுக்கும் மெஷின்) தேவையில்லை, ஹாக்ஸா என்னும் கைரம்பம் போதும். ஆறு துளைக்கு இரவல் மெஷின் போதும்.

வெள்ளைப் பெட்டியில் நூறு பிட்டும் சுத்தியலும் குறடும் சேர்த்து விற்கும் மொத்த செட்டை இந்தக் கட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். அந்த நூறில் நீங்கள் தொடப்போவது பத்து. அந்தப் பத்தும் இரும்பில் முதல் துளையிலேயே முனை மழுங்கும் தரத்தில் இருக்கும்.

படி 2: முதல் மெஷின் டிரில்தான், ஆனால் எந்த டிரில்?

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சுத்தியல் படம் போட்ட இம்பாக்ட் டிரில்லுக்குள் இரண்டு பல் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசி ஏறி இறங்கும். தட்டுக்கு 16 பல், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், நிமிடத்துக்கு 48,000 அடி. பெட்டியில் இந்த எண் கம்பீரமாக நிற்கும். ஆனால் ஒவ்வொரு அடியும் மிகச் சிறியது. அதன் வலு நீங்கள் பின்னாலிருந்து எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செங்கல், பூச்சுச் சுவர், மரம், இரும்பு ஆகியவற்றுக்கு இது போதும். கெட்டியான கான்கிரீட் தூணில் வைத்தால் கத்தும், சூடேறும், பிட் முனை நீலம் பாயும், துளை மட்டும் நகராது.

ரோட்டரி ஹாமரின் உள்வேலை வேறு. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்றால் ஓர் எஃகுக் கட்டையை எறிந்து பிட்டின் பின்புறத்தில் அடிக்கிறது. அடிகள் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம்தான். ஆனால் 2 கிலோ வகுப்பு மெஷினில் ஒவ்வொரு அடியும் ஏறக்குறைய 2 ஜூல். கை வலிக்க அழுத்தத் தேவையில்லை. இதன் பிட் எஸ்டிஎஸ் பிளஸ் வகை, தண்டு 10 மி.மீ., காடி வெட்டியது. சக் அதை இறுக்குவதில்லை; முன்னும் பின்னும் நழுவ விடுகிறது. அதனால்தான் அடி முழுதாகப் பிட்டுக்குப் போகிறது. அதே காரணத்தால் மரத்திலோ இரும்பிலோ நுணுக்கமான துளைக்கு இது உதவாது, முனை ஆடும்.

ஆக, சுவர் கான்கிரீட் என்றால் சாதாரண டிரில் ஒன்று, சின்ன ரோட்டரி ஹாமர் ஒன்று என இரண்டாகப் பிரிப்பதே சரி. செங்கல் சுவர் என்றால் 13 மி.மீ. சக், 550 முதல் 700 வாட், வேகம் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச், ரிவர்ஸ் வசதி உள்ள ஒரு இம்பாக்ட் டிரில் போதும். வாங்கியதும் அடி நிறுத்தும் குமிழைச் சோதியுங்கள். அதை டிரில் நிலைக்கு மாற்றாமல் இரும்பில் துளை போட்டுப் பிட் உடைப்பது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் காரியம்.

டிரில்லுக்குப் பிறகு வரிசை உங்கள் தாளைப் பொறுத்தது. பலகை வேலை அதிகம் என்றால் ஜிக்சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் மெஷின்), அதன் பிறகு வட்ட ரம்பம். பெயின்ட், பாலிஷ் வேலை என்றால் ரேண்டம் ஆர்பிட் சாண்டர் (உப்புத்தாள் ஒட்டிய வட்டத் தட்டால் தேய்க்கும் மெஷின்). இரும்பு வேலை என்றால்தான் ஆங்கிள் கிரைண்டர். ரவுட்டர் (பலகையில் காடியும் ஓர வளைவும் செதுக்கும் மெஷின்) எல்லாவற்றுக்கும் கடைசி.

படி 3: பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது

வாட் என்பது மெஷின் இழுக்கும் மின்சாரம். அது வெளியே தரும் வலு அல்ல. அதிகம் இழுத்து, பாதியைச் சூடாக்கி வீணடிக்கும் மெஷினும் உண்டு. கையடக்க டிரில்லில் 1,200 வாட் என்று எழுதி, வயர் மெல்லியதாக, எடை ஒன்றேகால் கிலோவாக இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். செம்புக்கும் இரும்புக்கும் எடை உண்டு. அதே வாட் போட்ட இரண்டு மெஷின்களைக் கையில் தூக்கினாலே பாதி உண்மை தெரியும்.

பேட்டரி மெஷினில் 18 வோல்ட்டும் "20 வோல்ட் மேக்ஸ்" என்பதும் ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், எனவே 18. முழுச் சார்ஜில் 4.2, எனவே 21. பெயர் தெரியாத மெஷின்களில் 48, 88, 128 என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்டிக்கர். உள்ளே அதே ஐந்து செல்தான். 12 வோல்ட் வகுப்பில் மூன்று செல், 10.8 வோல்ட்.

ஆம்பியர் மணியிலும் (பேட்டரி தேக்கி வைக்கும் மின்சார அளவு) ஒரு கணக்கு உண்டு. வழக்கமான 18650 செல் ஒன்றில் அதிகபட்சம் 3.5 ஆம்பியர் மணி அடங்கும், எடை 45 முதல் 48 கிராம். 18 வோல்ட் பேட்டரியில் 6 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், உள்ளே பத்து செல் இருக்க வேண்டும், அல்லது பெரிய 21700 செல் ஜோடிகளாக இருக்க வேண்டும். பத்து செல்லின் எடை மட்டுமே அரைக் கிலோவை நெருங்கும். சமையலறைத் தராசில் பேட்டரியை வையுங்கள். கூட்டோடு சேர்த்து 400 கிராம்கூட வராவிட்டால் அந்த 6 வெறும் எழுத்து.

முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். பர்னிச்சர் பொருத்த, கீல் மாட்ட, பலகையில் ஸ்க்ரூ இறக்க 30 போதும். அதனால் முதல் கார்ட்லெஸ் மெஷினாக 12 வோல்ட் டிரில்லை வாங்கி, வட்ட ரம்பத்தையும் கிரைண்டரையும் வயர் உள்ளதாக வாங்குவது குறைந்த பணத்தில் நிறைந்த பலன் தரும் சேர்க்கை. வெட்டும் மெஷின்கள் பேட்டரியை உறிஞ்சிவிடும். அவற்றுக்குப் பெரிய பேட்டரி வாங்கும் காசில் வயர் மெஷின் ஒன்றே வந்துவிடும்.

படி 4: கடையில் கையால் செய்யும் சோதனை

பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒரு நேரான 6 மி.மீ. பிட்டும், சின்ன மூலைமட்டமும் பையில் இருக்கட்டும்.

1. சக்கைப் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் இழுத்துப் பாருங்கள். மயிரிழை அளவு முன்பின் அசைவு இருக்கலாம். பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

2. பிட்டை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி முனையைப் பாருங்கள். முனை ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். சின்ன வட்டம் போட்டால் பிட்டை வேறு கோணத்தில் மாட்டி மறுபடி பாருங்கள். அப்போதும் வட்டம் என்றால் சக் அல்லது தண்டு கோணல். வேறு பெட்டியைக் கேளுங்கள். மலிவு வரிசையில் ஒரே மாடலில் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் இருக்கும்.

3. சுவிட்சை மெல்ல அழுத்துங்கள். வேகம் படிப்படியாக ஏற வேண்டும். பாதி வரை ஒன்றும் இல்லாமல் திடீரென்று பாய்ந்தால் அது மோசமான சுவிட்ச். ஸ்க்ரூவின் தலையைத் தின்னும்.

4. முழு வேகத்தில் ஓட்டிச் சுவிட்சை விடுங்கள். நிற்கும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள். மோட்டார் சத்தம் அடங்கிய அந்த இரண்டு விநாடியில்தான் பேரிங்கும் கியரும் பேசும். சீரான இறங்கல் நல்லது. கரகரப்பு, கிணுகிணுப்பு கூடாது.

5. காற்றுத் துவாரம் வழியாகக் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) பக்கம் பாருங்கள். சின்ன நீலப் பொறி இயல்பு. வளையம் போலச் சுற்றி ஓடும் மஞ்சள் நெருப்பு இயல்பல்ல.

6. வயரைக் கைப்பிடி அருகே மடக்கிப் பாருங்கள். ரப்பர் உறை வளைந்து கொடுக்கும். விறைப்பான மலிவு உறை விரல் விட்டதும் நிமிர்ந்து நிற்கும். நுழையும் இடத்தில் நீளமான ரப்பர் கழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

7. பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் இருந்தால் அது இரட்டைக் காப்பு மெஷின். எர்த் முனை இல்லாத இரண்டு முனை பிளக் அதற்குச் சரியே. அந்த அடையாளமும் இல்லை, எர்த்தும் இல்லை என்றால் தொடவே வேண்டாம்.

வட்ட ரம்பம், ஜிக்சா இரண்டிலும் அடித்தட்டுதான் முக்கியம். தகட்டை அழுத்திச் செய்த மெல்லிய தட்டு ஒருமுறை கீழே விழுந்தால் முறுக்கிக்கொள்ளும். வார்ப்பு அலுமினியத் தட்டு நல்லது. பிளக்கைக் கழற்றிவிட்டு, மூலைமட்டத்தைத் தட்டிலும் பிளேடிலும் வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியக் கூடாது. வட்ட ரம்பத்தில் இன்னொன்று: பிளேடின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் தட்டின் ஓரம் வரை அளந்தால் இரண்டும் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் பிளேடின் பின்பல் மரத்தை உரசும், வெட்டு கருகும், மெஷின் உங்களை நோக்கித் துள்ளும். ஜிக்சாவில் பிளேடின் முதுகைத் தாங்கும் சிறிய உருளையைப் பாருங்கள். அது பிளேடைத் தொடாமல் விலகி நின்றால் தடித்த மரத்தில் வெட்டு சாய்ந்தே போகும்.

சாண்டரில் பார்க்க வேண்டியது ஒன்றே. மரத்திலிருந்து தூக்கினால் தட்டு மெதுவாகச் சுழல வேண்டும். தூக்கியதும் விசிறி போல வேகமெடுத்தால் அதன் பிரேக் வளையம் சரியில்லை. மறுபடி வைத்தவுடன் பலகையில் பிறை வடிவில் பள்ளம் விழும்.

படி 5: உதிரி பாகம் கிடைக்குமா?

மெஷின் நன்றாக இருந்தாலும், இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். நிறுவனத்தின் பாகப் படம் பொதுவில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். பிறகு அந்த மாடல் எண்ணைச் சொல்லி நான்கு பாகங்களைக் கேளுங்கள்: கார்பன் பிரஷ், சுவிட்ச், ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி), ஃபீல்டு காயில் (அதைச் சுற்றி நிலையாக நிற்கும் கம்பிச் சுருள்). முதல் இரண்டு கிடைத்தாலே வீட்டுப் பட்டறைக்குப் பெரும்பாலும் போதும். பேரிங் பற்றிக் கவலை வேண்டாம். 607, 608, 6000 போன்ற பொது அளவுகளே பெரும்பாலும் இருக்கும், எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ.

மெஷினின் இரு பக்கமும் திருகிக் கழற்றும் பிரஷ் மூடி இருந்தால் நல்லது. பிரஷ் மாற்ற உடலையே இரண்டாகப் பிளக்க வேண்டிய மாடலில் அந்த ஐந்து நிமிட வேலை அரை நாளாகும்.

உத்தரவாதத் தாளையும் படியுங்கள். பிரஷ், சக், வயர் ஆகியவை தேய்மானம் என்று விலக்கப்பட்டிருக்கும். ஆர்மேச்சர் கருகினால் அதிக பாரம் என்பார்கள். மிச்சம் இருப்பதுதான் உண்மையான உத்தரவாதம்.

பழைய மெஷின் வாங்கலாமா?

தாராளமாக, வயர் மெஷின் என்றால். தொழில்முறை மெஷின் பாதி விலைக்கு வந்தால் புது மலிவு மெஷினைவிட அதுவே மேல். மேலே சொன்ன சோதனைகளோடு, காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து முகருங்கள். கருகிய வார்னிஷ் வாடை ஒருமுறை ஏறினால் எளிதில் போகாது. ஒரு நிமிடம் ஓட்டிவிட்டுக் கியர் பக்கத்தைத் தொடுங்கள், இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை. ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். திறந்தது தவறில்லை, என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

பழைய பேட்டரி மெஷினில் பேட்டரியின் மதிப்பைப் பூஜ்யமாக வைத்தே விலை பேசுங்கள். புதுப் பேட்டரி இன்னும் விற்பனையில் இருந்தால்தான் அந்த உடலுக்கு மதிப்பு.

பேட்டரி: முதல் பெட்டியிலேயே முடிவாகிவிடும் விஷயம்

முதலில் வாங்கும் பேட்டரி எந்த வகையோ, அடுத்து வாங்கும் மெஷின்களும் அந்த வகையிலேயே போகும். எனவே டிரில்லை மட்டும் பார்க்காமல், அதே பேட்டரியில் வேறு என்னென்ன மெஷின்கள் இருக்கின்றன, பேட்டரி இல்லாமல் உடலை மட்டும் விற்கிறார்களா என்று பாருங்கள். பேட்டரியின் தகட்டு முனைகளை எண்ணுங்கள். இரண்டே முனை என்றால் செல்லின் சூட்டைச் சார்ஜர் நேரடியாக அறிய வழியில்லை. உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை ஒன்றே துணை. ஊசி போன்ற பின் செருகும் சார்ஜர்களை இரவில் செருகிவிட்டுத் தூங்க வேண்டாம்.

வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள், அரை மணி ஆறட்டும். மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுதாகத் தீர்ந்த பேட்டரியை அப்படியே அலமாரியில் வைத்தால், ஒரு செல் எல்லைக்குக் கீழே இறங்கி, சார்ஜர் அதை ஏற்காமல் சிவப்பு விளக்கைக் காட்டும்.

படி 6: பணத்தில் கால் பங்கைப் பிட்டுக்கும் பிளேடுக்கும் ஒதுக்குங்கள்

சுமாரான ஜிக்சாவில் நல்ல பிளேடு போட்டால் வெட்டு நன்றாக வரும். உயர்ந்த ஜிக்சாவில் மட்டமான பிளேடு போட்டால் வராது. வட்ட ரம்பத்தோடு வரும் பிளேடில் பெரும்பாலும் 24 பல் இருக்கும். மரத்தை நீளவாக்கில் பிளக்க அது சரி. பிளைவுட்டைக் குறுக்கே வெட்ட 40 பல்லாவது வேண்டும், இல்லையென்றால் மேல் அடுக்கு சிம்பு சிம்பாகக் கிளம்பும். ஜிக்சா பிளேடில் டி வடிவக் கழுத்து உள்ளதையே வாங்குங்கள்; அதை ஏற்கும் மெஷினையே தேர்ந்தெடுங்கள்.

டிரில்லுக்கு 2 முதல் 10 மி.மீ. வரை ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்கள், சுவருக்குக் கார்பைடு முனை 6, 8, 10. இரும்பில் பிட் கருகுவதற்குக் காரணம் அநேகமாக வேகம்தான். சாதா இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 1,300 சுற்று, 10 மி.மீ.க்கு 800, ஒரு சொட்டு எண்ணெயும், சுருள் சுருளாகச் சீவல் வரும் அளவுக்கு அழுத்தமும் வேண்டும். தூளாக வந்தால் பிட் தேய்க்கிறது, வெட்டவில்லை.

கிரைண்டர் டிஸ்க்கில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். டிஸ்க்கைப் பிணைக்கும் பிசின் ஈரம் வாங்கி வலுவிழப்பதால் அந்தத் தேதி, வழக்கமாக உற்பத்தியிலிருந்து மூன்று ஆண்டு. டிஸ்க்கின் மேல் அதிகபட்சச் சுற்றும் இருக்கும். விநாடிக்கு 80 மீட்டர் என்பதுதான் வழக்கமான விளிம்பு வேக எல்லை, எனவே விட்டம் கூடக்கூடச் சுற்று குறையும்: 125 மி.மீ.க்கு 12,200, 180க்கு 8,500, 230க்கு 6,600. நிமிடத்துக்கு 11,000 சுற்றும் சின்னக் கிரைண்டரில் டிஸ்க்கை மூடும் மறைப்பைக் கழற்றிவிட்டு 180 டிஸ்க் மாட்டினால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். துளை அளவையும் பாருங்கள்: 100 மி.மீ. டிஸ்க்குக்கு 16, 115க்கும் 125க்கும் 22.23. மரம் வெட்டும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டவே கூடாது. பல் சிக்கினால் மெஷின் கையிலிருந்து பாயும், பிடித்து நிறுத்த அதில் ஒன்றும் கிடையாது.

கண்ணாடியும் காது மூடியும் இதே கால் பங்கிலிருந்து. துணிக் கையுறையோடு டிரில்லை இயக்க வேண்டாம், சுழலும் பிட் அதைச் சுற்றி இழுக்கும்.

நீட்டிப்பு வயர் 1.5 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும். உருளையில் சுற்றிய வகை என்றால் முழுதும் பிரித்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். சுற்றியபடியே 2,000 வாட் இழுத்தால் உள்சுற்றின் உறை உருகும்.

படி 7: முதல் வாரத்திலேயே வேலை வாங்குங்கள்

மலிவு மெஷினில் குறை இருந்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டியில் மூடி வைத்திருப்பது வீண். பெட்டியையும் ரசீதையும் பத்திரப்படுத்திவிட்டு இப்படிச் செய்யுங்கள்: டிரில்லில் 40 மி.மீ. கட்டையில் 8 மி.மீ. துளை இருபது, இரண்டு மூன்று நிமிட இடைவெளியோடு. ஜிக்சாவில் 18 மி.மீ. பலகையில் ஒரு மீட்டர் வெட்டு. பின் மேல்கோடும் கீழ்க்கோடும் ஒத்திருக்கிறதா என்று மூலைமட்டம் வையுங்கள். கிரைண்டரைப் புது டிஸ்க்கோடு, மறைப்போடு, முகத்துக்கு அப்பால் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள்; அதிர்வு கூடிக்கொண்டே போகக் கூடாது.

இந்தச் சோதனையில் மெஷின் கை பொறுக்காத சூடானால் நிறுத்திவிடாதீர்கள். பாரமில்லாமல் முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். மோட்டாரின் விசிறி அதே தண்டில் இருப்பதால், ஓடினால்தான் காற்று வரும். சூட்டோடு நிறுத்தினால் சூடு உள்ளேயே நிற்கும்.

வாங்கிய அன்றே ஒரு ஜோடி கார்பன் பிரஷையும் சேர்த்து வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். மாடல் விற்பனையிலிருந்து போன பிறகு அதே அளவு கிடைக்காது. உரசி இழைத்துப் பொருத்த வேண்டிவரும். பிரஷ் தேய்ந்து நீளம் 5 மி.மீ. ஆனதும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பிறகு பத்து நிமிடம் பாரமில்லாமல் ஓட்டினால் முனை வளைவுக்கு ஏற்பப் படிந்துவிடும்.